முகாம் நிரலில் எழுதப்படாத நேரங்கள்: மாணவர் முகாம்களின் பாதுகாப்பு பற்றி

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். எங்கள் அலகின் ஏழு நாள் சிறப்பு முகாமை ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நடத்துவதாக முடிவாகியுள்ளது. ஊராட்சித் தொடக்கப் பள்ளியின் வகுப்பறைகளில் ஐம்பது மாணவ மாணவியர் தங்குவார்கள். முகாமுக்கான கோப்பைத் தயாரிக்கும்போது பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தாள்தான். அது பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் கடிதம். "எது நிகழ்ந்தாலும் பள்ளி நிர்வாகம் பொறுப்பாகாது" என்ற வரி அதில் வழக்கம்போல இருக்கிறது. அந்த வரியை நீக்கிவிட்டு, உண்மையில் பிள்ளைகளைக் காக்கக்கூடிய ஒரு திட்டத்தை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் அனைவரின் கருத்தையும் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த துயரங்களை எடுத்துப் பார்த்தால், நிகழ்ச்சி நிரலில் அச்சிடப்பட்டிருந்த வேலைகளில் உயிர் போனது குறைவு என்றே தோன்றுகிறது. 2023 பிப்ரவரியில் விராலிமலை அருகேயுள்ள அரசு நடுநிலைப் பள்ளி மாணவியர் கால்பந்துப் போட்டிக்காக வெளியூர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் நால்வர் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். போட்டிக்கான அனுமதி இருந்தது, உடன் ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆற்றில் இறங்குவது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. ஆகவே யார் கண்காணிப்பது, எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்ற கேள்விகளை யாரும் முன்கூட்டியே கேட்டிருக்க வழியில்லை.

முகாம் நாளின் நிரலைப் பாருங்கள். காலை யோகா, களப்பணி, மதியம் கருத்தரங்கம், மாலை கலை நிகழ்ச்சி என்று எழுதியிருக்கும். களப்பணி முடிந்து சேறும் வியர்வையுமாகப் பிள்ளைகள் குளிக்கப் போகும் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கும் கருத்தரங்குக்கும் இடைப்பட்ட வெற்று நேரம், விளக்கணைத்த பிறகான எட்டு மணி நேரம், கடைசி நாள் திரும்பும் வழியில் "பக்கத்தில்தானே அருவி" என்று வண்டியைத் திருப்பும் நேரம் ஆகியவை அதில் இருப்பதில்லை. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

குன்றக்குரல்

ஐயா, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் பணியில் இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஒப்புதல் கடிதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். ஏதேனும் நிகழ்ந்தால் முதலில் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுபவர் உடன் சென்ற ஆசிரியரே. அனுமதி அளித்த மேலதிகாரியையோ, நிதியைக் குறைத்தவரையோ, வண்டி ஏற்பாடு செய்தவரையோ யாரும் கேட்பதில்லை. தம்மைக் காத்துக்கொள்ள ஆசிரியருக்கு இருக்கும் ஒரே காகிதத்தையும் பிடுங்கிவிட்டால், அடுத்த ஆண்டு முகாமுக்கு வர எவரும் முன்வரமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விதிகளைக் கூட்டக் கூட முகாம்களே நின்றுபோகும். கிராமத்தையே பார்த்திராத நகரத்துப் பிள்ளை ஏழு நாள் ஊர்க்காரர்களோடு வாழ்ந்து, வாய்க்கால் தூர்வாரி, தானே பரிமாறிச் சாப்பிட்டுத் திரும்புவதன் மதிப்பை எந்தப் பாடப்புத்தகமும் ஈடு செய்யாது. அச்சத்தின் பெயரால் அதை இழந்துவிடக் கூடாது.

பொருநைக்கரை

ஐயாவுக்கு நன்றி. முகாமின் மதிப்பு பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முகாம் தொடர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

ஒப்புதல் கடிதத்தை நீக்கச் சொல்லவில்லை. பொறுப்புத் துறப்பு வரியைத்தான் நீக்கச் சொல்கிறேன். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ் குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவாக இருந்தது. குற்றவியல் வழக்கு அரசு தொடுப்பது. பெற்றோர் முன்கூட்டியே இட்ட கையெழுத்து அந்த வழக்கிலிருந்து யாரையும் விடுவிக்காது. ஆசிரியரைக் காக்கும் காகிதம் என்று நாம் நம்புவது உண்மையில் அவரைக் காப்பதில்லை. மாறாக, இடத்தை முன்கூட்டிப் பார்த்த குறிப்பு, யார் எந்த நேரத்துக்குப் பொறுப்பு என்ற பட்டியல், பிள்ளைகளின் உடல்நலக் குறிப்பு, குளிக்கத் தடை விதித்த சுற்றறிக்கை ஆகியவை ஒருவர் தம் கடமையைச் செய்தார் என்பதற்குச் சான்றாக நிற்கும்.

அந்த ஒரு வரி இருப்பதால் கடிதத்தில் கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்பதும் எனக்குக் குறையாகப்படுகிறது. பிள்ளைக்கு வலிப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, நீந்தத் தெரியுமா, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டா, முகாம் நாள்களில் எந்த எண்ணில் யாரை அழைக்கலாம் என்பவற்றை அந்த இடத்தில் கேட்கலாம்.

செங்காந்தள்

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஊராட்சிப் பள்ளி வகுப்பறையில் தரையில் பாய் விரித்துத் தூங்குவார்கள் என்று படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கட்டுவிரியன். மற்றவர்கள் தண்ணீரைப் பற்றி எழுதுவார்கள் என்பதால் நான் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களை உறக்கத்திலேயே கடித்துவிடும். நாகமோ கண்ணாடிவிரியனோ கடித்தால் வலியும் வீக்கமும் தெரியும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது, பல் தடம்கூடக் கண்ணுக்குப் படாமல் போகலாம். விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்றோ, தொண்டை அடைக்கிறது என்றோ எழுந்து வரும். முந்தைய இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி ஓமத் தண்ணீரைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். இமைகள் தானாகத் தொங்குவதையும், பேச்சு குழறுவதையும், விழுங்க முடியாமல் எச்சில் வழிவதையும் கவனித்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. நச்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பாம்பு நச்சு முறிவு மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்படலாம் என்பதால், அந்த வசதியுள்ள அரசு மருத்துவமனை எது, முகாமிலிருந்து எத்தனை நிமிடத் தொலைவு என்பதை முகாமுக்கு முன்பே நேரில் சென்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடிவாயைக் கீறுவது, இறுகக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய எதையும் செய்யக் கூடாது. பிள்ளையை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைக்க வேண்டும். மாணவர்களை இடமாற்றத் தயார்நிலையில் முகாமிலேயே ஒரு வண்டி இரவு முழுவதும் நிற்பது இன்னும் நல்லது.

தடுப்பது கடினமில்லை. சுவரை ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். கொசுவலை கட்டி அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். அறைக்குள் சாப்பாட்டுத் துணுக்குகள் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு இருக்க வேண்டும், கையில் டார்ச் இல்லாமல் எவரும் வெளியே போகக் கூடாது.

வெயிலைப் பற்றி ஒரு பத்தி. கோடை முகாமானால் களப்பணியைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் வேலை செய்த பிள்ளை குழம்பிப் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைப் போதுமான அளவு வாங்கி வையுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது என்பதைச் சமையல் பொறுப்பில் இருப்பவருக்கும் சொல்லிவையுங்கள், ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆற்றுப்படுகை

நான் நீச்சல் பயிற்றுநர். திட்ட அலுவலர் ஐயா சொன்ன "குளிக்கப் போகும் ஒரு மணி நேரம்" பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளைகளை ஆற்றில் இறங்கவே விடாதீர்கள் என்பதுதான் என் முதல் பரிந்துரை. ஐம்பது பேருக்குத் தண்ணீர் லாரியோ, ஊராட்சிக் குழாயில் இரு முறை நீர் விடும் ஏற்பாடோ செய்துவிட்டால் ஆற்றுக்குப் போக வேண்டிய காரணமே இராது. தடை மட்டும் விதித்துவிட்டுக் குளிக்க வழி செய்யாமல் விட்டால், அவர்கள் கண்ணில் படாமல் போவார்கள். அது இன்னும் ஆபத்து.

மணல் அள்ளப்பட்ட ஆறுகளில் முழங்கால் அளவு நீருக்கு ஒரு முழம் தள்ளி ஆளை விழுங்கும் குழி இருக்கும். மேலே பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும். கதவணைக்கும் தடுப்பணைக்கும் கீழே உள்ள இடங்களில் நீர்மட்டம் நிமிடங்களில் உயரும். 2014 ஜூன் மாதம் ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர்கள் இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்த லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் 24 மாணவர்களை அடித்துச் சென்றது. அவர்கள் நீந்தக்கூடப் போகவில்லை.

படகுச் சவாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள், பெரும்பாலோர் மிதவை உடை அணிந்திருக்கவில்லை. படகுக்காரரிடம் இருக்கும் உடைகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒருவர் மூழ்கும்போது அருகிலிருப்பவர் குதிப்பதும், இருவரும் சேர்ந்து போவதும் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லித் தாருங்கள்: கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், கயிறு, துண்டு, கழி, மூடிய காலி நெகிழிக் குடம் என்று எது கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. முகாம் கிட்டங்கியில் நீளமான கயிறு ஒன்றும் மிதவை வளையம் ஒன்றும் இருக்கட்டும்.

இரு பிள்ளைகளின் தாய்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் ஒரு பெற்றோராக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறும் பாம்பும் எனக்கு அச்சம்தான். ஆனால் என் மகளை முகாமுக்கு அனுப்பும்போது அதைவிடப் பெரிய அச்சம், அங்கே வருகிறவர்கள் யார் என்பதே.

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி என்ற பெயரில், மாடியிலிருந்து கீழே விரித்த வலைக்குள் மாணவர்களைக் குதிக்க வைத்தார்கள். தயங்கி நின்ற 19 வயது மாணவியைப் பயிற்றுநர் தள்ளிவிட்டார். கீழ்த்தளத்தின் வெயில் தடுப்பில் மோதி அந்தப் பெண் இறந்தார். அந்தப் பயிற்றுநருக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு தெரிவித்தது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த என்.சி.சி. முகாமே போலி என்று பின்னால் தெரிந்தது. பள்ளியிலேயே இரவு தங்கவைக்கப்பட்ட சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். இரண்டிலும் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கக்கூடிய உண்மையை யாரும் கேட்கவில்லை. சீருடையும் அடையாள அட்டையும் எல்லாரையும் நம்ப வைத்துவிட்டன.

பயிற்சி தர வருபவர் காட்டும் எண்ணுக்கு அழைக்காமல், அந்த அமைப்பின் மாவட்ட அலுவலகத்தை நீங்களாகவே தேடி அழைத்து உறுதி செய்யுங்கள். போக்சோ விதிகள் 2020இன்படி, பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் ஒப்பந்தப் பணியாளர் உட்பட எல்லாரைப் பற்றியும் காவல்துறைச் சரிபார்ப்புச் செய்ய வேண்டும். முகாமுக்கு வரும் சமையல்காரர், ஓட்டுநர், ஒலிபெருக்கிக்காரர் வரை இதை நீட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரவில் மாணவியர் தங்கும் கட்டடத்தில் பெண் ஆசிரியர் ஒருவர் அல்ல, இருவர் இருக்க வேண்டும். ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலோ, ஒரு பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலோ மற்றவர் இருப்பார்.

கைபேசியை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் யோசியுங்கள். காரணம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நாள்தோறும் குறித்த நேரத்தில் பிள்ளை வீட்டோடு தனியாகப் பேச வழியிருக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினால் எந்தப் பிள்ளை எதைச் சொல்லும்? சிறார் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றைத் தங்கும் அறையிலும் குளியலறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள்.

பொருநைக்கரை

அம்மா, இது ஆசிரியர்களுக்கான இடம் மட்டுமல்ல. குளியலறைக் கதவின் உட்புறம் என்பது எனக்குத் தோன்றாத ஒன்று, சேர்த்துக்கொள்கிறேன். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்ததாகத் தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயரைக் காக்க உள்ளுக்குள் பேசி முடிப்பதே குற்றம் என்பதை முகாமுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தந்து கையெழுத்துப் பெறப் போகிறேன்.

நெடுஞ்சாலை

சுருக்கமாக ஒன்று. இரவுப் பயணத்தைத் தவிருங்கள். 2022 அக்டோபர் 5 இரவு கேரளத்தில் வடக்கஞ்சேரி அருகே, ஊட்டிச் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட பள்ளி மாணவர்களின் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதியதில் 9 பேர் இறந்தார்கள். தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் பார்ப்பதோடு, முந்தைய இரவு ஓட்டுநர் தூங்கினாரா என்பதையும் கேளுங்கள். அவருக்குப் படுக்க இடமும் நேரத்துக்குச் சாப்பாடும் தருவது முகாமின் பொறுப்பு.

குன்றக்குரல்

அனைத்தையும் படித்தேன். பொறுப்புத் துறப்பு வரியைப் பற்றித் திட்ட அலுவலர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இங்கே எழுதப்பட்டவற்றில் பாதி, முகாமில் இருக்கும் ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். தெரிந்தும் ஏன் தடுக்க முடிவதில்லை என்பதை யாரும் கேட்கவில்லையே. தலைமை விருந்தினர் வந்துவிட்டார், மழை வலுக்கிறது, மரம் நடும் விழாவை நிறுத்தலாமா என்று ஓர் இளம் ஆசிரியர் நினைக்கிறார். அவர் சொன்னால் யார் கேட்பார்கள்?

இங்கிலாந்தில் 1993 மார்ச் 22 அன்று லைம் விரிகுடாவில் நிகழ்ந்ததை நான் ஆசிரியர் பயிற்சிகளில் சொல்வதுண்டு. பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரைத் தனியார் சாகச மையம் ஒன்று சிறு துடுப்புப் படகுகளில் கடலுக்கு அழைத்துச் சென்றது. பயிற்றுநர் இருவருக்கும் மிக அடிப்படையான தகுதி மட்டுமே இருந்தது. உடன் சென்ற ஆசிரியரின் படகு திரும்பத் திரும்பக் கவிழ, ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவ நின்றுவிட, பிள்ளைகள் காற்றால் கரையிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்லப்பட்டார்கள். உதவிக்கு அழைக்க அவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. குளிர்ந்த நீரில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த மையத்தில் முன்பு வேலை பார்த்த பயிற்றுநர்கள் இருவர், பாதுகாப்பு போதாது என்று நிர்வாகிக்கு முந்தைய ஆண்டே கடிதம் எழுதிவிட்டு விலகியிருந்தார்கள். அந்தக் கடிதம் வழக்கில் முக்கியச் சான்றாயிற்று. நிர்வாக இயக்குநருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, நிறுவனமும் மரணத்துக்குப் பொறுப்பான குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 1995இல் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே வந்தது.

அந்த இருவரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இதற்கு உங்கள் திட்டத்தில் என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

செங்காந்தள்

தலைமையாசிரியர் ஐயாவின் கேள்வியோடு இன்னொன்றையும் இணைத்துப் பார்க்கலாம். 2025 ஜூலை 4 அதிகாலையில் அமெரிக்காவின் டெக்சாஸில் குவாடலூப் ஆறு பெருக்கெடுத்து, கரையோரச் சிறுமியர் முகாம் ஒன்றில் சிறுமியரும் இளம் வழிநடத்துநர்களுமாக 27 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை நள்ளிரவுக்குப் பின் வந்தது, எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் தங்கும் குடில்கள் கூடாது என்று அதன்பிறகே அங்கே சட்டம் இயற்றினார்கள். உங்கள் முகாமும் ஆற்றங்கரையில் என்பதால் கேட்கிறேன்: இரவு இரண்டு மணிக்கு வரும் எச்சரிக்கையை உங்கள் முகாமில் விழித்திருந்து படிப்பவர் யார்? எழுப்பிக் கூட்டிச் செல்ல மேட்டுநிலம் எது?

பொருநைக்கரை

இரு கேள்விகளும் நியாயமானவை. இன்று மாலை உதவித் திட்ட அலுவலரோடு அமர்ந்து எழுதிய முடிவுகளைப் பகிர்கிறேன். குறை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

முகாம் பொறுப்பு என்னுடையது. ஆனால் நிறுத்தும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்கும். உதவி அலுவலரான இளம் ஆசிரியை, மழை, வெயில், வெளியாள், உடல்நலக் குறைவு என எந்தக் காரணத்துக்காகவும் எந்த நிகழ்ச்சியையும் நிறுத்தலாம். என்னிடமோ தலைமையாசிரியரிடமோ முன்அனுமதி பெறத் தேவையில்லை. நிறுத்தியது தவறென்று பின்னால் தெரிந்தாலும் அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்று தலைமையாசிரியர் கையொப்பத்துடன் ஆணை பெற்றுவிட்டேன். மாணவர்களிலும் ஒரு மாணவரும் ஒரு மாணவியும் இரவு உணவுக்குப் பின் நடக்கும் கூட்டத்தில் அன்று அச்சம் தந்தவற்றைச் சொல்வார்கள். சொன்னதை எழுதி, மறுநாள் காலைக்குள் என்ன செய்தோம் என்பதையும் எதிரே எழுத வேண்டும்.

தங்குமிடம் மாறுகிறது. ஊராட்சித் தலைவரிடமும் வயதான விவசாயிகளிடமும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டோம். தொடக்கப் பள்ளியின் திண்ணையைத் தொட்டதாகச் சொன்னார்கள். ஆகவே மேட்டுத்தெருவிலுள்ள சமுதாயக் கூடத்தில் மாணவியரும், அதன் எதிரேயுள்ள கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் மாணவரும் தங்குவார்கள். இரவில் இருவர் வீதம் முறைவைத்து விழித்திருப்போம். பிள்ளைகளை அந்த வேலையில் சேர்க்கமாட்டோம். கொசுவலைக்கான தொகை முகாம் நிதியில் இல்லாததால் முன்னாள் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் குளிக்கும் நேரம், ஓய்வு நேரம், உறங்கும் நேரம், திரும்பும் பயணம் ஆகிய நான்கும் பொறுப்பாளர் பெயரோடு அச்சாகின்றன. ஆற்றுக்குப் போவது இல்லை. குழாய் நீருக்கு ஊராட்சி ஒப்புக்கொண்டுவிட்டது. காலை, நண்பகல், மாலை, உறங்கும் முன் என நான்கு முறை தலை எண்ணுவோம்; அதைத் தவிரப் பிள்ளைகள் இருவர் இருவராக ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள்.

முடிவாகாதது ஒன்றுதான். கடைசி நாள் திரும்பும் வழியில் அருவிக்கு அழைத்துச் செல்வது எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் நடப்பது. பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உதவி அலுவலர் வேண்டாம் என்கிறார். அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்த முதல் வாரத்திலேயே நான் மறுத்துப் பேசுவது சரியாகாது என்பதால் அருவி இந்த ஆண்டு இல்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் மகிழும்படி அந்த மாலையில் என்ன செய்யலாம் என்று யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்றக்குரல்

ஊர்க்காரர்களோடு கபடிப் போட்டி வையுங்கள் ஐயா. மைதானத்தில் கல்லும் கண்ணாடித் துண்டும் இல்லாமல் முதல் நாளே பெருக்கிவிடுங்கள். பரிசுக்கான கோப்பையை நான் அனுப்பிவைக்கிறேன்.